அனோவா முடிந்தது, அடுத்து என்ன? குழு ஒப்பீடுகளைச் செய்வதும் சரியாக வாசிப்பதும்



செயலாய்வு அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில் படும் இரண்டு வாக்கியங்கள் இவை: "அனோவா சோதனையில் பி மதிப்பு 0.05-ஐவிடக் குறைவாக உள்ளது. எனவே, பாகமேற்றல் முறையே மிகச் சிறந்த கற்பித்தல் முறை." முதல் வாக்கியம் சரி. ஆனால் இரண்டாவது வாக்கியம் முதலாவதிலிருந்து பிறக்கவே இல்லை. நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கு. அந்தப் படிக்குத்தான் போஸ்ட் ஹோக் சோதனை என்று பெயர். தமிழில் பின்சோதனை என்று சொல்லலாம்.

"இதெல்லாம் புள்ளியியல்காரங்க பாடு, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். ஒரு பள்ளியில் 'இந்த முறைதான் சிறந்தது' என்று அறிக்கை வந்துவிட்டால், அடுத்த ஆண்டு பாடம் நடத்தும் விதமே அதை ஒட்டி மாறும். படத்துணையோடு நன்றாகக் கற்பித்துக்கொண்டிருந்த ஆசிரியர் அதைக் கைவிட நேரும். தரவு அப்படிச் சொல்லவே இல்லை என்றால், அந்த இழப்பு மாணவர்களுக்குத்தான். ஆகவே இந்தப் படியை ஒரு சிறிய கணக்கோடு பொறுமையாகப் பார்ப்போம்.

அனோவா எதைச் சொல்லுது, எதைச் சொல்லலை?

அனோவா என்பது மாறுபாட்டுப் பகுப்பாய்வு. இங்கிலாந்தின் ரொத்தாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் இதை வளர்த்தெடுத்தார். வெவ்வேறு உரம் போட்ட பாத்திகளின் விளைச்சல் உண்மையிலேயே வேறுபடுகிறதா, அல்லது மண்ணின் இயல்பான ஏற்ற இறக்கம்தானா என்பது அங்கே எழுந்த கேள்வி. உரத்துக்குப் பதில் கற்பித்தல் முறை, விளைச்சலுக்குப் பதில் மதிப்பெண் என்று வைத்துக்கொண்டால் அது நம் கேள்வியேதான்.

குழுக்களுக்கு இடையே உள்ள மாறுபாட்டை, குழுவுக்குள் மாணவருக்கு மாணவர் இருக்கும் மாறுபாட்டால் வகுத்தால் எஃப் மதிப்பு கிடைக்கும். எஃப் போதிய அளவு பெரிதாக இருந்தால், 'எல்லாக் குழுக்களின் சராசரியும் ஒன்றே' என்ற இன்மைக் கருதுகோளை மறுக்கிறோம். அவ்வளவுதான். எந்தக் குழு எந்தக் குழுவிலிருந்து வேறுபடுகிறது என்பதை எஃப் சொல்லாது.

பக்கத்து வகுப்பில் சத்தம் கேட்குதுன்னு வச்சுக்குங்க. யாரோ பேசுறாங்கன்னு நிச்சயமாத் தெரியும். யார், யாரோடன்னு தெரியாது. எழுந்து போய்ப் பார்க்கணும். எஃப் என்பது அந்தச் சத்தம். பின்சோதனை என்பது எழுந்து போய்ப் பார்ப்பது.

டி-சோதனையையே திரும்பத் திரும்பச் செய்தால் என்ன?

இரண்டு குழுக்கள் மட்டும் என்றால் ஒரு டி-சோதனை போதும். நான்கு குழுக்கள் என்றால் ஆறு இணைகள். ஐந்து குழுக்கள் என்றால் பத்து இணைகள். குழுக்களின் எண்ணிக்கையை அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் இணைகளின் எண்ணிக்கை வந்துவிடும்.

0.05 என்ற எல்லைக்கு என்ன பொருள்? உண்மையில் வேறுபாடே இல்லாத நிலையிலும், நூறு சோதனைகளில் ஏறக்குறைய ஐந்து 'வேறுபாடு உண்டு' என்று பொய்யாக மணி அடிக்கும். ஒரே சோதனைக்கு அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறோம். ஆறு சோதனைகள் செய்தால்? அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், ஒரு தடவைகூடப் பொய் மணி அடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 0.95-ஐ ஆறு முறை பெருக்கி வருவது, அதாவது 0.735. ஆக, எங்கேயாவது ஒரு பொய் மணியாவது அடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு. நம் ஆறு இணைகளில் அதே குழுக்கள் மீண்டும் மீண்டும் வருவதால் உண்மையான எண் இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் நாம் நினைத்துக்கொண்டிருக்கும் 5 விழுக்காட்டைவிட அது மிக அதிகம்.

குலுக்கல் சீட்டு மாதிரிதான். ஒன்று வாங்கினால் விழும் வாய்ப்பைவிட ஆறு வாங்கினால் விழும் வாய்ப்பு கூடுதல். இங்கே விழுவது பரிசு இல்லை, தவறான முடிவு. பின்சோதனைகளில் பெரும்பாலானவை இந்த மொத்த ஆபத்தை மீண்டும் 5 விழுக்காட்டுக்குள் அடக்க உருவானவை.

ஒரு பயிற்சிக் கணக்கு

கீழே உள்ள எண்கள் பயிற்சிக்காக அமைத்தவை. எந்தப் பள்ளியின் முடிவும் அல்ல. நான்காம் ஆண்டு மாணவர்கள் 24 பேரைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்து, கருத்துணர் பகுதியை நான்கு முறைகளில் கற்பித்து, 20 மதிப்பெண்ணுக்குச் சோதித்ததாகக் கொள்வோம்.

குழு அ (வழக்கமான முறை): 9, 10, 12, 12, 13, 16. சராசரி 12.
குழு ஆ (படத்துணை): 9, 12, 13, 13, 15, 16. சராசரி 13.
குழு இ (குழுமுறை வாசிப்பு): 12, 12, 16, 16, 16, 18. சராசரி 15.
குழு ஈ (பாகமேற்றல்): 13, 15, 15, 15, 19, 19. சராசரி 16.

மொத்தச் சராசரி 14. குழுச் சராசரிகள் அதிலிருந்து விலகும் அளவு −2, −1, +1, +2. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. குழுவுக்கு 6 பேர் என்பதால் 60. குழுக்கள் நான்கு என்பதால் 3-ஆல் வகுத்தால், குழுக்களுக்கு இடையிலான மாறுபாடு 20.

ஒவ்வொரு குழுவுக்குள்ளும் மாணவர் மதிப்பெண் தன் குழுச் சராசரியிலிருந்து விலகும் அளவுகளை வர்க்கித்துக் கூட்டுங்க. நான்கு குழுவுக்கும் 30, 30 என்றுதான் வரும். மொத்தம் 120. அதை 20-ஆல் (24 மாணவர்கள் கழித்தல் 4 குழுக்கள்) வகுத்தால், குழுவுக்குள் மாறுபாடு 6.

எஃப் = 20 ÷ 6 = 3.33. இதற்கான எல்லை மதிப்பு 3.10. எஃப் எல்லையைத் தாண்டிவிட்டது. பி மதிப்பு ஏறக்குறைய 0.04. சத்தம் கேட்டுருச்சு. இப்போ எழுந்து போகணும்.

டுக்கி சோதனையைக் கையாலேயே செய்வோம்

ஜான் டுக்கி 1949-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. எச்எஸ்டி என்று சுருக்கமாகச் சொல்கிறோம். 'நேர்மையாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்பது அந்தப் பெயரின் பொருள். பெயரிலேயே நேர்மை இருக்கிறது. ஏன் என்று சற்று நேரத்தில் தெரியும்.

ஒரே ஓர் அளவுகோலைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு சராசரிகளின் இடைவெளி அந்த அளவுகோலைவிடப் பெரிதாக இருந்தால் வேறுபாடு குறிப்பிடத்தக்கது. வழிமுறை இதுதான்: குழுவுக்குள் மாறுபாட்டைக் குழுவின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்க. அதை, அட்டவணையிலிருந்து எடுக்கும் கியூ மதிப்பால் பெருக்குங்க.

6 ÷ 6 = 1. அதன் வர்க்கமூலம் 1. நான்கு குழுக்கள், குழுவுக்குள் டிஎஃப் 20, எல்லை 0.05 என்பதற்கு கியூ மதிப்பு 3.96. ஆக, நம் அளவுகோல் 3.96 மதிப்பெண்.

ஆறு இணைகளின் இடைவெளி: அ–ஆ 1, இ–ஈ 1, ஆ–இ 2, அ–இ 3, ஆ–ஈ 3, அ–ஈ 4.

தாண்டியது ஒன்றே ஒன்று. பாகமேற்றல் குழு, வழக்கமான முறைக் குழுவிலிருந்து வேறுபடுகிறது. பாகமேற்றல் படத்துணையைவிடச் சிறந்தது என்றோ, குழுமுறை வாசிப்பைவிடச் சிறந்தது என்றோ சொல்ல இந்தத் தரவில் போதிய ஆதாரம் இல்லை. 'மிகச் சிறந்த முறை' என்ற வாக்கியம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஒரே தரவு, வெவ்வேறு விடை

இப்போ கவனமாகப் பாருங்க. இதே எண்களுக்கு வேறு சோதனைகளைப் போட்டால் என்ன வரும்?

எல்எஸ்டி: ஃபிஷரின் முறை. அளவுகோல் 2.95. மூன்று இணைகள் தாண்டும் (அ–ஈ, அ–இ, ஆ–ஈ).
டுக்கி: அளவுகோல் 3.96. ஓர் இணை தாண்டும்.
பொன்ஃபெரோனி: 0.05-ஐ ஆறால் வகுத்து ஒவ்வோர் இணைக்கும் கடுமையான எல்லை வைக்கும் முறை. அளவுகோல் ஏறக்குறைய 4.14. எதுவும் தாண்டாது.
ஷெஃபே: 1953-இல் வந்த முறை. இணைகளை மட்டுமின்றி, 'இந்த இரண்டு குழுக்கள் சேர்ந்து அந்த இரண்டு குழுக்களோடு' என்பது போன்ற எல்லா ஒப்பீடுகளுக்கும் பாதுகாப்புத் தருவதால் கடுமையானது. அளவுகோல் ஏறக்குறைய 4.31. எந்த இணையும் தாண்டாது.

எஃப் குறிப்பிடத்தக்கதாக இருந்தும் எந்த இணையும் தேறாமல் போகலாம் என்பதற்கு இதுவே சான்று. கணினி பிழையாகப் போட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எஃப் எல்லாக் குழுக்களையும் சேர்த்துப் பார்க்கிறது. பின்சோதனை ஒவ்வோர் இணையையும் தனியாகப் பார்க்கிறது. இரண்டும் கேட்கும் கேள்வி வேறு.

நேர்மை பிரச்சினை வரும் இடமும் இதுதான். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் போஸ்ட் ஹோக் பெட்டியில் பதினெட்டுச் சோதனைகளுக்கு எதிரே கட்டங்கள் இருக்கு. எல்லாவற்றையும் டிக் செய்து ஓடவிட்டு, நட்சத்திரம் அதிகம் விழுந்த சோதனையை மட்டும் அறிக்கையில் எழுதுவது மிக எளிது. யாருக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் செய்தால் 0.05 என்று நாம் எழுதும் எண்ணுக்கு அர்த்தமே போய்விடும். சோதனையைத் தரவு பார்க்கும் முன்பே, ஆய்வு முன்மொழிவிலேயே எழுதிவிடுங்க. அந்த ஒரு வரிதான் பாதுகாப்பு.

அப்போ எதைத் தேர்வது?

எல்லா இணைகளையும் ஒப்பிட விரும்பினால், குழுவுக்குள் மாறுபாடுகள் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால், டுக்கி. குழுக்களின் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டாலும் டுக்கி-கிரேமர் என்ற திருத்தம் உண்டு. எஸ்பிஎஸ்எஸ் அதைத் தானாகவே செய்துகொள்ளும்.

மாறுபாடுகள் சமமில்லை என்றால் கேம்ஸ்-ஹவல். ஒரு குழுவில் எல்லாரும் 14, 15 என்று எடுக்க, இன்னொரு குழுவில் 4 முதல் 19 வரை சிதறிக் கிடந்தால் இதுதான் பொருத்தம். அப்போது சாதாரண எஃப்-க்குப் பதிலாக வெல்ச் திருத்தம் செய்த எஃப் மதிப்பை எடுக்க வேண்டும். சமமா இல்லையா என்று பார்க்க லெவீன் சோதனை இருக்கு. அதோடு குழுக்களின் திட்டவிலக்கங்களையும் கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்குங்க.

ஒரு கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டும் மற்றவற்றை ஒப்பிட விரும்பினால் டன்னெட். நம் பள்ளி ஆய்வுகள் பலவற்றின் உண்மையான கேள்வி இதுதான்: 'புதிய முறைகள் வழக்கமான முறையைவிட மேலா?' நம் கணக்கில் ஆறு இணைகளுக்குப் பதில் மூன்றே ஒப்பீடுகள். அதனால் அளவுகோலும் 3.59-ஆக இறங்குகிறது. கேள்வியைச் சுருக்கிக் கேட்டால் சோதனைக்குக் கூர்மை கூடும்.

பொன்ஃபெரோனியும் அப்படியே. முன்கூட்டியே திட்டமிட்ட சில ஒப்பீடுகள் மட்டும் என்றால் நன்றாக வேலை செய்யும். அ–ஈ இணையின் திருத்தாத பி மதிப்பு 0.0104. ஆறால் பெருக்கினால் 0.062, தேறவில்லை. மூன்றால் பெருக்கினால் 0.031, தேறிவிட்டது. ஆனால் அந்த மூன்று ஒப்பீடுகளையும் தரவு வருவதற்கு முன்பே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். எண்களைப் பார்த்துவிட்டு 'எனக்கு இந்த மூன்றுதான் வேணும்' என்றால் அது செல்லாது.

எல்எஸ்டி முறையை ஒதுக்கிவைக்க வேண்டுமா? சரியாக மூன்று குழுக்கள் மட்டும் இருந்து, எஃப் குறிப்பிடத்தக்கதாக வந்த பிறகு செய்தால் அது மொத்த ஆபத்தை அடக்கிவைக்கும். நான்கு குழுக்களும் அதற்கு மேலும் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லை.

மென்பொருளில் செய்வது

எக்செல்லின் தரவுப் பகுப்பாய்வு வசதி அனோவா வரைக்கும்தான் வரும். பின்சோதனை அதில் இல்லை. மேலே செய்தது மாதிரி கையால் செய்துகொள்ளலாம். எஸ்பிஎஸ்எஸ்-இல் 'அனலைஸ்', 'கம்பேர் மீன்ஸ்', 'ஒன்-வே அனோவா' என்று போய் 'போஸ்ட் ஹோக்' பொத்தானை அழுத்தணும். கட்டணமில்லாமல் வேண்டும் என்றால் ஜமோவி, ஜாஸ்ப் இரண்டுமே இருக்கு, பழகுவதும் எளிது. மேலே உள்ள 24 எண்களை உள்ளிட்டுப் பாருங்க. எஃப் 3.33 வந்தால் சரியாகச் செய்திருக்கீங்க.

அட்டவணையை வாசிப்பது

முதலில், எஸ்பிஎஸ்எஸ் ஒவ்வோர் இணையையும் இரண்டு முறை போடும்: அ கழித்தல் ஈ ஒரு தடவை, ஈ கழித்தல் அ இன்னொரு தடவை. குறி மட்டும் மாறும். இரண்டு நட்சத்திரம் இருக்கே என்று இரண்டு முடிவாக எண்ண வேண்டாம்.

அடுத்து, பி மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீங்க. நம்பிக்கை இடைவெளியையும் பாருங்க. நம் கணக்கில் அ–ஈ இணைக்கு டுக்கி தரும் 95 விழுக்காடு இடைவெளி 0.04 முதல் 7.96 வரை. உண்மையான வேறுபாடு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கலாம், எட்டு மதிப்பெண்ணாகவும் இருக்கலாம். 'குறிப்பிடத்தக்கது' என்ற சொல் தரும் உறுதி எவ்வளவு மெலிதானது என்பது இங்கே தெரியும்.

அ–இ இணைக்கு இடைவெளி −0.96 முதல் 6.96 வரை. சுழியம் உள்ளே இருப்பதால் குறிப்பிடத்தக்கது இல்லை. ஆனால் ஏழு மதிப்பெண் வரையும் உள்ளே இருக்கே! இதைப் பார்த்து 'குழுமுறை வாசிப்பால் பயனில்லை' என்று எழுதுவது சரியா? இல்லை. வேறுபாடு நிரூபிக்கப்படவில்லை என்பது ஒன்று. வேறுபாடு இல்லை என்று நிரூபித்தது வேறு. இதே சராசரிகளும் இதே மாறுபாடும் இருந்து, குழுவுக்கு 6-க்குப் பதில் 12 பேர் இருந்தால், டுக்கி அளவுகோல் ஏறக்குறைய 2.7-ஆக இறங்கும். அ–இ, ஆ–ஈ இரண்டுமே தாண்டிவிடும். மாறியது கற்பித்தல் முறையல்ல, மாணவர் எண்ணிக்கை. மாணவர் குறைந்த நம் தமிழ்ப்பள்ளிகளில் ஆய்வு செய்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசிக்கணும்.

இங்கே பலரும் குழம்பும் ஒன்று: 'அ-வும் இ-யும் வேறுபடவில்லை, இ-யும் ஈ-யும் வேறுபடவில்லை, ஆனால் அ-வும் ஈ-யும் வேறுபடுகின்றன. எப்படி?' வேறுபடவில்லை என்பதைச் சமம் என்று வாசித்தால்தான் இது முரணாகத் தெரியும். இ நடுவில் நிற்கிறது. எந்தப் பக்கம் சேர்ப்பது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. எஸ்பிஎஸ்எஸ் தரும் ஒத்த குழுக்களின் அட்டவணையில் ஆ, இ இரண்டும் இரண்டு நெடுவரிசையிலும் இடம்பெறுவது இதனால்தான்.

கடைசியாக, விளைவின் அளவு. மொத்த மாறுபாட்டில் முறையால் விளக்கப்படுவது 60 ÷ 180, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இதை ஈட்டா வர்க்கம் என்பார்கள். அ–ஈ இணைக்கு கோஹன் டி மதிப்பு 4-ஐ 2.45-ஆல் வகுத்து 1.63. பெரிய அளவுதான், ஆனால் 24 பேரிடம் பெற்றது என்பதையும் சேர்த்தே எழுதணும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஒன்று: ஒரே மாணவர்களுக்கு முன்சோதனை, இடைச்சோதனை, பின்தேர்வு என்று மூன்று முறை வைத்தால் அது இந்த வகை அனோவா இல்லை. மீள் அளவீட்டு அனோவா வேண்டும். ஒப்பீடும் இணைச் சோதனையாக, பொன்ஃபெரோனி போன்ற திருத்தத்தோடு வரணும்.

இரண்டு: முழு வகுப்பையே ஒரு குழுவாக எடுத்தால், முறையின் விளைவும் அந்த வகுப்பு ஆசிரியரின் விளைவும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். எந்தப் பின்சோதனையும் இதைச் சரிசெய்யாது. அறிக்கையின் வரையறைப் பகுதியில் வெளிப்படையாக எழுதுவதே வழி.

அறிக்கையில் எழுதும் மாதிரி

"நான்கு குழுக்களின் சராசரிகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பட்டது; எஃப் (3, 20) = 3.33, பி = 0.04, ஈட்டா வர்க்கம் = 0.33. முன்மொழிவில் குறிப்பிட்டபடி டுக்கி சோதனை மேற்கொள்ளப்பட்டது. பாகமேற்றல் குழு (சராசரி 16) வழக்கமான முறைக் குழுவைவிட (சராசரி 12) உயர்ந்த மதிப்பெண் பெற்றது. வேறுபாடு 4, 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.04 முதல் 7.96 வரை. மற்ற ஐந்து இணைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எண்ணிக்கை குறைவு என்பதால், படத்துணை, குழுமுறை வாசிப்பு ஆகியவற்றின் பயனைப் பற்றி இந்த ஆய்விலிருந்து முடிவுக்கு வர இயலாது."

'மிகச் சிறந்த முறை' என்ற சொற்றொடர் இதில் இல்லை. அடுத்த ஆண்டு பாகமேற்றலை முயன்று பார்க்கத் தலைமையாசிரியருக்கு இது போதிய காரணம் தருகிறது. படத்துணையோடு கற்பிக்கும் ஆசிரியரின் கையிலிருந்து எதையும் பிடுங்கவும் இல்லை.

அடுத்த செயலாய்வைத் தொடங்கும் முன், முன்மொழிவில் இந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவிடுங்க: எந்த இணைகளை ஒப்பிடப் போகிறேன்? எந்தச் சோதனையால்? குழுவுக்கு எத்தனை பேர்? மற்ற வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.